இரவில் செம்மண் விழும் குளம்: முதலில் எதைச் செய்வது?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஒரு பேரூராட்சியில் குடியிருக்கிறோம். எங்கள் விளைக்கு (தோட்டத்துக்கு) கீழே நான்கு ஏக்கர் அளவில் ஒரு குளம். இருபது வருடத்துக்கு முன்புவரை ஊரே அதில்தான் குளித்தது, கீழே உள்ள ஏலாவுக்கும் (வயல்வெளிக்கும்) அதுதான் தண்ணீர். இப்போது பாதிக்கு மேல் ஆகாயத்தாமரை. மூன்று வாரமாக இரவில் டிப்பர் வந்து தெற்கு மூலையில் செம்மண் தட்டுகிறது. இதுவரை நாற்பது லோடு இருக்கும். குளத்துக்கு வரும் ஓடையையும் அடைத்துவிட்டார்கள். கழிவுநீர்க் குழாய்களும் குளத்தில்தான் விழுகின்றன, பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் நாறுகிறது. நாங்கள் பதினைந்து பேர் வாட்ஸ்ஆப் குழு தொடங்கி ஆட்சியரிடம் மனு கொடுத்தோம். "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது" என்று பதில் வந்தது. பணம் பிரித்து ஜேசிபி பிடித்து நாமே சுத்தம் செய்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். கிராமசபையில் தீர்மானம் போடலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஜேசிபியை இப்போது குளத்தில் இறக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் எங்களைப் பதற வைத்தது அந்த ஒரு வரிதான். அரசுக் குளத்தில் அனுமதி இல்லாமல் மண் எடுத்தால் உங்கள் பெயரில்தான் முதல் வழக்கு பதிவாகும். மண் தட்டியவர் அந்த வழக்கைக் காட்டியே தப்பித்துக்கொள்வார். இன்னொன்று, இன்றைய நிலையில் குளத்தின் எல்லை எது என்று உங்கள் கையில் காகிதம் இல்லை. எல்லை தெரியாமல் சுத்தம் செய்தால், மண் விழுந்த தெற்கு மூலையைக் கரை என்று நீங்களே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

ஆகவே முதல் வேலை குளத்தங்கரையில் இல்லை, தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. குளத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். பக்கத்து விளைக்காரர்களின் பத்திரத்தில் "தெற்கு எல்லை குளம், ச.எண் இன்னது" என்று பெரும்பாலும் இருக்கும். பழைய பத்திரமானால் பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் வேறு வேறாக வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் கிடைத்ததும் தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப்பதிவுப் பக்கத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து அ-பதிவேட்டு (ஊர் நிலங்களின் வகை, பரப்பு, உரிமை காட்டும் பதிவேடு) விவரத்தையும் புல வரைபடத்தையும் (எல்லை அளவுகள் எழுதிய படம்) எடுங்கள். அ-பதிவேட்டில் நீங்கள் பார்க்க வேண்டியவை: அரசு புறம்போக்கா, பட்டாவா, வகைப்பாடு "குளம்" என்று இருக்கிறதா, பரப்பு எவ்வளவு, எத்தனை உட்பிரிவு. பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு ஏர்ஸ் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 செண்ட். நான்கு ஏக்கர் குளம் 1.62 ஹெக்டேர் வர வேண்டும். அது 1.40 என்று காட்டினால் 22 ஏர்ஸ் எங்கே போனது என்று உட்பிரிவுகளில் தேடுங்கள். குளத்தின் எண்ணுக்குள்ளேயே புதிதாக உட்பிரிவு விழுந்து அதில் தனியார் பெயர் ஏறியிருந்தால், உங்கள் வழக்கின் மையம் லாரி இல்லை, அந்தப் பட்டா.

ஓடையின் சர்வே எண்ணையும் இதே போல எடுங்கள். பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். மேலே உள்ள குளத்தின் மறுகால் (நிரம்பி வழியும் வழி) தண்ணீரோ சானல் (கால்வாய்) தண்ணீரோ ஓடை வழியாகத்தான் உங்கள் குளத்துக்கு வருகிறது. ஓடை அடைபட்டால் மூன்று நான்கு வருடத்தில் குளம் தானாகவே மேடாகும், புல் முளைக்கும், "இது குளமே இல்லை, தரிசு" என்று எழுதுவது சுலபமாகிவிடும். மண் தட்டுகிறவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரியும், அதனால்தான் ஓடையில் கை வைத்திருக்கிறார்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1949 வரை இது திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். பழைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கலாம், தேதி கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டு) இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். 1080 என்று இருந்தால் 1904-05. யாராவது பழைய பட்டாவைக் காட்டி "எங்கள் தாத்தா காலத்துச் சொத்து" என்றால் அந்தச் செட்டில்மெண்ட் ஆவணத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள், மலையாளம் படிக்கத் தெரிந்த பெரியவரை உட்கார வைத்து வரி வரியாகப் படியுங்கள். உண்மையிலேயே பட்டாக் குளமாகவோ கோவில் குளமாகவோ இருக்கவும் வாய்ப்பு உண்டு. கோவில் குளமானால் தேவஸ்வத்தையும் (கோவில் நிர்வாகம்) அறநிலையத் துறையையும் மனுவில் சேர்க்க வேண்டும். பட்டாக் குளமானாலும் தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும் அடைக்க யாருக்கும் உரிமை இல்லை, ஆனால் போராடும் முறை மாறும். இதைத் தெரிந்துகொள்ளாமல் போஸ்டர் ஒட்டினால் அவதூறு வழக்கு வரும்.

அடுத்த கேள்வி, குளம் யார் பொறுப்பில் இருக்கிறது? நீர்வளத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பாசனக் குளம் என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொருந்தும். நாகர்கோவிலில் உள்ள கோதையாறு வடிநிலக் கோட்டத்துக்கு எழுத வேண்டும். பேரூராட்சியின் பராமரிப்பில் இருந்தால் செயல் அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத வேண்டும். அங்கே 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நடவடிக்கை வரும். முதலில் பிரிவு 7-இன் கீழ் நோட்டீஸ், பிறகு பிரிவு 6-இன் கீழ் அகற்றல். நோட்டீஸ் கொடுக்காமல் அவசரத்தில் அகற்றினால் எதிர்த்தரப்பு அடுத்த வாரமே தடை உத்தரவோடு வந்து நிற்கும், அதன் பிறகு வருடக்கணக்கில் யாரும் கை வைக்க முடியாது. அதனால் "உடனே இடி" என்று நெருக்குவதைவிட "பிரிவு 7 நோட்டீஸ் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது, நகல் தருக" என்று நெருக்குவதுதான் குளத்துக்கு நல்லது.

கிராமசபை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் பேரூராட்சியில் இருப்பதால் கிராமசபை கிடையாது. கிராம ஊராட்சிகளுக்குத்தான் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராமசபை. உங்களுக்கான இடம் பேரூராட்சி மன்றக் கூட்டம். வார்டு உறுப்பினர் வழியாகத் தீர்மானத்தைப் பொருள் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள். தீர்மானத்தில் சர்வே எண், பரப்பு, "வருவாய்த் துறை அளந்து கல் நட வேண்டும்", "தட்டிய மண்ணைக் குளத்துக்கு வெளியே அகற்ற வேண்டும்", "ஓடையைத் திறக்க வேண்டும்" என்பவை இருக்கட்டும். "குளத்தைப் பாதுகாக்க வேண்டும்" என்று மட்டும் தீர்மானம் போட்டால் அது காற்றில் போகும். உங்கள் ஏலாவின் கீழ்ப்பகுதி பக்கத்து கிராம ஊராட்சியில் இருந்தால், அந்த மக்கள் தங்கள் கிராமசபையில் ஓடைக்கும் பாசனத்துக்கும் தனித் தீர்மானம் போடலாம். அங்கே குறைவெண் வரம்பை (கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) கவனிக்க வேண்டும்: மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கையெழுத்து குறைந்தால் தீர்மானம் செல்லாது.

இனி தரையில் அளப்பது. அதிகாரப்பூர்வமாக அளக்க நில அளவர்தான் வர வேண்டும், உங்கள் அளவு நீதிமன்றத்தில் நிற்காது. ஆனால் நில அளவர் வரும் நாளில் எங்கே நிற்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிய நீங்களே ஒருமுறை அளந்திருக்க வேண்டும். புல வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டின் மீதும் நீளம் மீட்டரில் எழுதியிருக்கும். அச்செடுத்த தாளில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள், அச்சில் படம் சுருங்கியிருக்கும். எழுதியுள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். முதலில் இன்னும் பிழைத்திருக்கும் இரண்டு சர்வே கல்லைத் தேடுங்கள். கரை ஓரத்துத் தாழம்புதரிலோ தென்னை மூட்டிலோ அரையடி மண்ணுக்குள் கிடக்கும், கடப்பாரையால் தட்டினால் சத்தம் மாறும். இரண்டு கல்லுக்கும் இடையே 30 மீட்டர் டேப் பிடித்து அளந்து வரைபடத்து எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால், காணாமல் போன மூன்றாவது கல்லைக் கண்டுபிடிக்கலாம். ஒருவர் முதல் கல்லில் டேப்பின் நுனியை வைத்து வரைபடம் சொல்லும் தூரத்தில் மண்ணில் வில் போலக் கோடு கீறட்டும், இன்னொருவர் இரண்டாவது கல்லிலிருந்து அதே போலக் கீறட்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கம்பு அடியுங்கள். அங்கேதான் கல் இருந்திருக்க வேண்டும். டேப் தொய்யாமல், சரிவில் கூட மட்டமாகப் பிடிக்க வேண்டும். சரிவோடு சேர்த்து அளந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும். கால் மீட்டர், அரை மீட்டர் பிசகு வருவது இயல்பு. கைபேசி ஜிபிஎஸ்ஸை எல்லைக்கு நம்பாதீர்கள், தென்னந்தோப்புக்குள் அது ஐந்து, பத்து மீட்டர் தள்ளிக் காட்டும்.

நாற்பது லோடு என்பதைச் செண்டுக் கணக்கில் சொன்னால் அதிகாரிக்கும் ஊருக்கும் உடனே உறைக்கும். ஒரு செண்ட் 40.47 சதுர மீட்டர். அதை ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர் உயர்த்த 60 கன மீட்டருக்குச் சற்று மேல் மண் வேண்டும். ஒரு யூனிட் 100 கன அடி, 2.83 கன மீட்டர். மூன்று யூனிட் கொள்ளும் டிப்பர் என்றால் ஒரு செண்டுக்கு ஏழு லோடு. மண் இறுகுவதையும் சேர்த்துப் பார்த்தால் நாற்பது லோடில் ஐந்து செண்ட் போயிருக்கும். மூன்றே வாரத்தில் ஐந்து செண்ட். அங்கே செண்ட் என்ன விலை போகிறது என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

படம் எடுப்பதில் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். எடுத்ததும் வாட்ஸ்ஆப்பில் போடுகிறார்கள், அசல் கோப்பை அழித்துவிடுகிறார்கள். வாட்ஸ்ஆப் வழியாகப் போன படத்தில் எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரம் நீங்கிவிடும். அசல் கோப்பு எடுத்த கைபேசியிலேயே இருக்க வேண்டும், ஒரு பென்டிரைவிலும் பிரதி வேண்டும். வழக்கு என்று வந்தால் 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன் கீழ் மின்னணுச் சான்றுக்கு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதற்கு எடுத்தவரும் கருவியும் அடையாளம் காட்டத்தக்கதாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று வாரம் ஒரு படம் எடுங்கள். மின்கம்பமோ மடையோ குருசடியோ (சிலுவை நட்ட சிறு ஆலயம்) நகராத ஏதாவது ஒன்று ஒவ்வொரு படத்திலும் தெரிய வேண்டும். பழைய நிலையைக் காட்ட கணினியில் கூகுள் எர்த் ப்ரோவில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்கள் தேதியோடு கிடைக்கும். மார்ச்சை மார்ச்சோடுதான் ஒப்பிட வேண்டும். நவம்பர் படத்தையும் ஏப்ரல் படத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்தக் குளமும் சுருங்கியது போலத்தான் தெரியும், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு படத்தை வைத்தே உங்கள் மற்ற சான்றுகளையும் சந்தேகத்துக்குள்ளாக்குவார்.

டிப்பரை நீங்கள் மறிக்க வேண்டாம், இரவில் தனியாகப் போகவே வேண்டாம். வண்டி எண், நேரம், எத்தனை லோடு என்று வீட்டுத் திண்ணையில் இருந்தே எழுதலாம். மண் விழும் நேரத்திலேயே 112-க்கு அழையுங்கள், அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். மறுநாள் காலையில் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். செம்மண் கொண்டுபோக நடைச்சீட்டு (கனிமத்தை ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டு) வேண்டும். "இந்த எண் வண்டிக்கு இந்தத் தேதியில் நடைச்சீட்டு வழங்கப்பட்டதா, எந்த இடத்துக்கு" என்று கனிமவளத் துறையிடம் கேட்பது மிக வலுவான கேள்வி. சீட்டு இல்லையென்றால் அது கனிமத் திருட்டு. சீட்டில் வேறு ஊர் இருந்தால் அதுவும் மீறல்.

ஆட்சியருக்குக் கொடுத்த மனு வீணாகவில்லை, அதன் மனு எண் உங்களுக்கு வேண்டும். ஆனால் அதில் ஒரே தாளில் ஆக்கிரமிப்பு, சாக்கடை, ஆகாயத்தாமரை, ரோடு என்று எல்லாம் இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். அப்படிப்பட்ட மனு எந்த மேசையிலும் தங்காது. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டாததைக் காட்டி அடுத்த துறைக்குத் தள்ளும். தனித்தனியாக எழுதுங்கள். வட்டாட்சியருக்கு: அளந்து கல் நட, ஆக்கிரமிப்பை அகற்ற. செயல் அலுவலருக்கு: கழிவுநீர்க் குழாய்களை நிறுத்த. நீர்வளத் துறைக்கு: ஓடையும் மறுகாலும் திறக்க. கனிமவளத் துறைக்கு: மண் வண்டி. ஒவ்வொன்றும் ஒரு பக்கம், சர்வே எண் முதல் வரியில், கோரிக்கை கடைசி வரியில், இரண்டு படம், புல வரைபட நகல். ஆக்கிரமிப்புப் புகார்களை விசாரிக்க வருவாய்த் துறை 4.12.2014 அன்று பிறப்பித்த அரசாணை 540-ஐ வட்டாட்சியர் மனுவில் குறிப்பிடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள், தபாலில் என்றால் விரைவு அஞ்சல் ரசீதை மனு நகலோடு சேர்த்து ஒட்டுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மறுபடி போகும்போது பதினைந்து பேரும் ஒரே மனுவோடு போகாமல், இந்த முத்திரையிட்ட நகல்களோடு நான்கு பேர் போனால் போதும்.

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனுவை இதே வாரம் போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது, காரணம் சொல்லும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி:

"1. ச.எண் … குளத்தின் அ-பதிவேடு, புல வரைபடம், உட்பிரிவு ஆவணங்களின் சான்றிட்ட நகல். 2. மேற்படி குளம் கடைசியாக அளக்கப்பட்ட தேதியும் அளவை அறிக்கையின் நகலும். 3. மேற்படி எண்ணில் ஆக்கிரமிப்பு தொடர்பாக வழங்கப்பட்ட நோட்டீஸ்களின் நகல். 4. … தேதியிட்ட, … எண் கொண்ட மனுவின் மீது இன்றுவரை எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல். 5. குளத்தில் மீன் அல்லது தாமரைக் குத்தகை விடப்பட்டிருந்தால் குத்தகை நிபந்தனைகளின் நகல்."

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அதன் பின் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கோப்பில் ஒன்றுமே எழுதப்படவில்லை என்ற பதில் வந்தாலும் அதுவே உயர் நீதிமன்றத்தில் உங்கள் முதல் இணைப்பு.

ஐந்தாவது கேள்வியில் கொஞ்சம் நிதானம் வேண்டும். குத்தகைக்காரர் உங்கள் எதிரி என்று முதலிலேயே முடிவு கட்டாதீர்கள். குளம் சுருங்கினால் அவருக்கும் நஷ்டம். தண்ணீர் மட்டத்தைத் தன் மீனுக்காக மடையை அடைத்துப் பிடித்து வைத்தாலோ, தாமரைக்கு மருந்தடித்தாலோ அது நிபந்தனை மீறலா என்று பார்க்கலாம், பேசலாம். தினமும் குளத்தில் இறங்குகிற ஒரே ஆள் அவராக இருக்கலாம். எந்த இரவில் எத்தனை வண்டி வந்தது என்று அவருக்குத்தான் தெரியும்.

கிணறு நாறுவதற்கு வருகிறோம். அனுமானத்தில் பேச வேண்டாம், சோதனை செய்யுங்கள். கழிவுநீர் இறங்கும் பக்கத்தில் ஒரு கிணறு, எதிர்ப்பக்கம் மேட்டில் ஒரு கிணறு என்று இரண்டு மாதிரி எடுங்கள். ஒன்று மட்டும் எடுத்தால் "இந்த ஊர்த் தண்ணீரே இப்படித்தான்" என்று சொல்லிவிடுவார்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில்தான் வேண்டும். மினரல் வாட்டர் பாட்டிலில் எடுத்தால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை. ஐஸ் வைத்த பெட்டியில், எடுத்த சில மணி நேரத்துக்குள், அன்றே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை மாலையில் எடுக்காதீர்கள். குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500-இன்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை இருக்கவே கூடாது, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முடிவு வரும்வரை கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்; கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நைட்ரேட் கூடுதலாக வந்தால் கைக்குழந்தைகளுக்குப் பால்மாவு கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள்.

கழிவுநீர் விடும் குழாய்களில் ஒன்றிரண்டு உங்கள் குழுவினர் வீட்டுக் குழாயாகவே இருக்கலாம். வெளியே மனு கொடுக்கும் முன் அதைச் சரி செய்யுங்கள். சமையலறை, குளியலறைத் தண்ணீருக்கு மூன்றடி நீள அகலம், நான்கைந்து அடி ஆழத்தில் உறிஞ்சுகுழி எடுத்து, அடியில் பெரிய உடைகல், மேலே சிறு ஜல்லி போட்டால் சிறு குடும்பத்துக்குப் போதும். குழிக்கு முன்னால் சோற்றுப் பருக்கையும் எண்ணெயும் தங்க ஒரு சின்னத் தொட்டி இல்லையென்றால் ஆறு மாதத்தில் குழி அடைத்துக்கொள்ளும். கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். கக்கூஸ் தொட்டியின் தண்ணீரை இந்தக் குழியில் விடக் கூடாது.

ஆகாயத்தாமரையைக் கடைசியில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. அது நோய் இல்லை, நோயின் அறிகுறி. சாக்கடையில் வரும் சத்துதான் அதன் தீனி. குழாய் நிற்காமல் வாரினால், நல்ல வெயிலில் இரண்டு வாரத்துக்கொரு முறை இரட்டிப்பாகி, ஓணத்துக்கு வாரியது கிறிஸ்துமஸுக்குள் குளத்தை மூடிவிடும். விதை சேற்றுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும், ஆகவே நீல நிறப் பூ விடும் முன் வார வேண்டும். வாரியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் மறுபடி குளத்துக்குள் வரும், கரைக்கு வெளியே பத்து மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள். பேரூராட்சியிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கி, கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றும் மார்ச், ஏப்ரலில், ஜூன் மழைக்கு முன்பாகச் செய்யுங்கள். ஒரே நாளில் மொத்தத்தையும் வாராதீர்கள். தாழைக்கோழியும் இலைக்கோழியும் அந்த மிதவைப் பச்சையில்தான் இரை தேடுகின்றன, கூடு கட்டுகின்றன. ஒரு மூலையை விட்டு வைத்து, கூடு இல்லை என்று பார்த்த பிறகு அடுத்த மாதம் எடுங்கள். தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் குளங்கள் 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) ஏறியது பறவைகளால்தான். அந்தப் பறவைகள் உங்கள் குளத்துக்கும் வரும்.

தூர்வாருவதிலும் எச்சரிக்கை வேண்டும். விவசாயிகளுக்கு இலவச வண்டல் என்று அரசு அனுமதி கொடுக்கிறது, நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்பது கணக்கு. வண்டல் தீர்ந்ததும் அடியில் உள்ள களிமண்ணையும் செம்மண்ணையும் வெட்டிக் கொண்டுபோவதுதான் நம் பக்கத்தில் நடக்கிற பெரிய தப்பு. அந்தக் களிமண்தான் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. அது போனால் எவ்வளவு மழை பெய்தாலும் ஜனவரியில் குளம் வற்றும். அதோடு கரையின் அடிவாரத்தை ஒட்டி வெட்டினால் அடுத்த பெருமழையில் கரை சரியும். அனுமதி ஆணையில் ஆழம் எவ்வளவு, கரையிலிருந்து எத்தனை மீட்டர் விட வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த ஆணையின் நகலோடு இரண்டு பேர் கரையில் நிற்க வேண்டும், நிறம் மாறிய மண் வந்ததும் வேலையை நிறுத்தச் சொல்லி வட்டாட்சியருக்குப் பேச வேண்டும். சரியாகச் செய்தால் பலன் பெரியது: நான்கு ஏக்கரில் ஓரடி வண்டல் எடுத்தால் 49 லட்சம் லிட்டர் தண்ணீர் கூடுதலாக நிற்கும். 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்ததை உங்கள் ஏலாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குளத்தில் தங்க இடம் இல்லாத தண்ணீர்தான் தாழ்ந்த வீடுகளைத் தேடிப் போனது.

அரசே செய்கிற ஒரு தவறையும் கவனியுங்கள். உங்கள் போராட்டம் சூடு பிடித்ததும் "குளத்துக்குப் பக்கச்சுவர் கட்டித் தருகிறோம், நடைபாதை போட்டுத் தருகிறோம்" என்று திட்டம் வரும். ஊரே கைதட்டும். சுவர் சர்வே எல்லையில் வருகிறதா, எல்லைக்கு உள்ளே மூன்று மீட்டர் தள்ளி வருகிறதா என்று பாருங்கள். உள்ளே தள்ளிக் கட்டினால் வெளியே விழும் அந்த மூன்று மீட்டரை அடுத்த தலைமுறையில் எந்த நீதிமன்றத்தாலும் சுலபமாகத் திரும்ப வாங்க முடியாது. கல் நட்ட பிறகுதான் சுவர் என்று மனுவிலேயே எழுதுங்கள். சுவர் கட்டும்போது ஓடை உள்ளே வரும் இடத்தில் குழாய் வைப்பார்கள். அதன் அடிமட்டம் ஓடையின் மட்டத்தைவிட ஒரு சாண் உயர்ந்தாலும் தண்ணீர் உள்ளே வராது. இதே போல, தட்டிய மண்ணை "அகற்றிவிட்டோம்" என்று குளத்துக்குள்ளேயே தள்ளிச் சமப்படுத்திவிடுவதும் உண்டு. வெளியே போன லோடைக் கணக்கெடுங்கள். உள்ளே வந்தது நாற்பது என்றால் வெளியே போனது நாற்பதுக்குக் குறையக் கூடாது.

இத்தனைக்கும் அசையாவிட்டால் வழக்கு. நீர்நிலைப் புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனு. முத்திரையிட்ட மனு நகல், ஆர்.டி.ஐ. பதில், அ-பதிவேடு மூன்றும் இல்லாமல் போனால் "முதலில் அதிகாரியிடம் மனு கொடுங்கள்" என்று திருப்பி அனுப்புவார்கள். குளம், குட்டை போன்ற பொது நிலத்தை வருடக்கணக்கில் அனுபவித்ததால் உரிமை வராது என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, உங்கள் வழக்கறிஞருக்கு அது தெரியும். கழிவுநீர் போன்ற மாசுக்கு சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். அங்கே பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம் என்ற கெடு உண்டு, தகுந்த காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். முதல் நாளின் தேதியைச் சரியாகக் குறித்து வையுங்கள். செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்: பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். மனுதாரராக நீங்களே நில்லுங்கள். சங்கம் பதிவு செய்வதை இப்போது எடுக்காதீர்கள், தலைவர் யார் செயலாளர் யார் என்பதிலேயே பதினைந்து பேரில் ஐந்து பேர் போய்விடுவார்கள்.

அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை மதியம் பங்கு ஆலயத்திலோ கோவில் மண்டபத்திலோ எழுபது வயதுக்கு மேற்பட்ட பத்துப் பேரை உட்கார வைத்து, தண்ணீர் எந்த வழியே வந்தது, மறுகால் எங்கே விழுந்தது, எந்த ஏலாவுக்கு எந்த மடை என்று ஒரு சார்ட் தாளில் வரையச் சொல்லுங்கள். குளத்தில் துணி துவைத்த பெண்களை விட்டுவிடாதீர்கள், படித்துறையில் எத்தனை படி தண்ணீருக்கு மேல் தெரியும் என்று அவர்களுக்குத்தான் மாதவாரியாகத் தெரியும். வரைந்த தாளில் அவர்கள் பெயர், வயது, கையெழுத்து, தேதி வாங்குங்கள்.

குளத்திலும் ஒரு வேலை இன்றைக்கே செய்யலாம். மடைச் சுவரில் மேலிருந்து கீழாகப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வெள்ளை பெயின்டில் போடுங்கள், குளத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு முன்கூட்டி ஒரு வரி எழுதிவிட்டு. சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு மட்டத்தையும் அந்த வாரத்து மழையையும் நோட்டில் எழுத, பக்கத்து வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் பிள்ளையிடம் சொல்லுங்கள். ஓடை திறந்த பிறகு ஒரே மழைக்கு மட்டம் எத்தனை கோடு ஏறியது என்பதை அந்த நோட்டில்தான் பார்க்க முடியும்.